பதினேழாவது கயிறு

திராட்சைத் தோட்டத்தில் சேஃப்டி வேலைக்குச் சேர்ந்திருக்கிறீர்கள். சேர்ந்த அன்றே கையில் ஒரு ஹெல்மெட் கொடுத்திருப்பார்கள். எதற்கு என்று எனக்குப் பதினாறு வருடம் கழித்தும் விளங்கவில்லை. பந்தலிலிருந்து தலையில் விழக்கூடியது அதிகபட்சம் ஒரு குலை. விரலை நறுக்கும் கத்தரிக்கும், காலடியில் சுருண்டு கிடக்கும் பாம்புக்கும், மூச்சில் போகும் மருந்துக்கும் ஹெல்மெட் என்ன செய்யும்? ஆனாலும் போட்டோ எடுக்கும்போது போட்டுக்கொள்ளுங்கள். மேனேஜர்களுக்குப் பிடிக்கும்.

புதிதாக வருகிறவர்களுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று என்னிடம் கேட்டார்கள். நான் சாதித்ததை எழுதுவேன் என்று நினைத்திருப்பார்கள். சாதித்ததெல்லாம் ஃபைலில் இருக்கிறது, அதில் பாதி பொய். சொதப்பியது எதுவும் ஃபைலில் இல்லை. அதில் ஒன்றை எழுதுகிறேன். எனக்குச் சீக்கிரம் கோபம் வரும், எழுதும்போதும் வரும். அதற்கு மன்னிப்பெல்லாம் கேட்கப்போவதில்லை.

நான் மும்பை மாட்டுங்கா லேபர் கேம்ப்பில் பிறந்தவள். முதலில் செம்பூர்ப் பக்கம் ஒரு கெமிக்கல் கம்பெனியில் சேஃப்டி பார்த்தேன். பிறகு நாசிக் பக்கம் ஒரு திராட்சை எஸ்டேட். வீடு செம்பூரில், வேலை நாசிக்கில், ஜாகை பாதி ரயிலில்.

அந்த வருடம் தீபாவளிக்கு முந்தைய வாரம் எஸ்டேட்டில் ஆள் இல்லை. கொடிகளை வெட்டிவிடும் கவாத்து முடிந்திருந்தது. கவாத்து முடிந்த சில நாளுக்குள் கொடியின் மொட்டுகளில் ஒரு மருந்து தடவ வேண்டும். அப்போதுதான் மொட்டெல்லாம் ஒன்றாக முளைக்கும். இல்லையென்றால் தோட்டத்தில் பாதி விழித்திருக்கும், பாதி தூங்கும். மருந்தில் சிவப்புச் சாயம் கலந்திருப்பார்கள், எந்த மொட்டில் வைத்தோம் என்று தெரிவதற்காக. ஸ்பாஞ்சில் தொட்டுத் தொட்டு, மொட்டு மொட்டாக வைக்க வேண்டும். உள்ளூர் ஆட்கள் அந்த மருந்தைப் போன வருடமே தொட்டுப் பார்த்தவர்கள். அந்த வாரம் அவர்கள் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் காய்ச்சல் வந்துவிட்டது.

அதனால் மும்பையிலிருந்து ஆள் எடுத்தோம். லேபர் கேம்ப்பிலும் தாராவியிலும் இருந்து பதினெட்டுப் பேர், எல்லாம் திருநெல்வேலிப் பக்கத்து ஆட்கள். கூட்டி வந்தவன் முகாதம் முருகேசன். அவன் மருந்தைத் தொடவில்லை. மேஸ்திரிக்கு அங்கே முகாதம் என்று பேர், வேலை கத்துவது.

அந்த மருந்து தோலில் பட்டால் புண்ணாகும். அது பெரிய விஷயமில்லை. பெரிய விஷயம் வேறு. மருந்து உடம்பில் ஏறியவன் சாராயமோ பீரோ குடித்தால், கொஞ்சமாகக் குடித்தாலும், முகம் சிவந்து நெஞ்சு படபடக்கும், மூச்சு முட்டும். சிலருக்கு ரத்த அழுத்தம் இறங்கி ஆளே விழுந்துவிடுவான். வேலை முடிந்த பிறகும் சில நாள் வரை இந்த ஆபத்து உண்டு. எங்கள் கம்பெனி டாக்டர் ஏழு நாள் என்று கோடு போட்டிருந்தார்.

எனக்கு இதெல்லாம் தெரியும். முதல் நாள் காலை பதினெட்டுப் பேரையும் வரிசையாக நிற்கவைத்துப் பேசினேன். "வேலை நடக்கும்போது எவனும் குடிக்கக் கூடாது. குடிச்சா அன்னைக்கே வண்டி ஏத்திருவேன்." அவ்வளவுதான். ஏன் என்று சொல்லவில்லை. ஏழு நாள் கணக்கைக் கடைசி நாள் கிளம்பும்போது சொல்லிக்கொள்ளலாம் என்று வைத்திருந்தேன். நாலு நாள் ஒருவனும் தொடவில்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை. தீபாவளிக்கு இரண்டு நாள் முன்பு, கடைசி நாள் சாயங்காலம் அவர்கள் கிளம்பும்போது நான் ஸ்டோரில் உட்கார்ந்து காலி மருந்து டப்பாக்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். டப்பா ஒன்றுகூடக் குறையவில்லை. ஆட்கள்தான் போய்விட்டார்கள்.

எங்கள் ஆட்களின் தீபாவளி எனக்குத் தெரியாததில்லை. அதிகாலை எண்ணெய்க் குளியல், புதுச் சட்டை, இட்லியும் ஆட்டுக்கறிக் குழம்பும், அதற்குப் பிறகு வருடம் முழுவதும் காத்திருந்த பாட்டில். முந்தின நாளே வாங்கி வைத்துவிடுவார்கள். குளிக்காமல் திறக்கமாட்டார்கள். அதில் ஒரு ஒழுங்கு உண்டு.

அந்த ஒழுங்கை மீறியவன் தங்கராசு. அவனால்தான் மற்றவர்கள் பிழைத்தார்கள்.

தீபாவளிக்கு முந்தின நாள் மத்தியானம் செம்பூர் ஸ்டேஷனுக்கு வெளியே வாழை இலை வாங்கிக்கொண்டிருந்தேன். முருகேசன் போன் செய்தான்.

"யக்கா, தங்கராசு ஒரு மாதிரி ஆயிட்டான்."

"ஒரு மாதிரின்னா?"

"செவந்துட்டான்."

"என்னலே செவந்துட்டான்?"

"தக்காளி கணக்கா இருக்கான்க்கா. நெஞ்சுக்குள்ள லோக்கல் ட்ரெயின் ஓடுதுங்கான். அரை கிளாஸ் பீருகூட உள்ள போவல. ஆஸ்பத்திரிக்குக் கொண்டாந்துட்டோம்."

இலையைக் கடையிலேயே போட்டுவிட்டு ஓடினேன். ஆஸ்பத்திரியில் டியூட்டி டாக்டர் அலர்ஜி என்று நினைத்து, இறால் சாப்பிட்டானா, வேர்க்கடலை சாப்பிட்டானா என்று கேட்டுக்கொண்டிருந்தார். என் போனில் மருந்து டப்பாவின் லேபிள் போட்டோ இருந்தது. காட்டினேன். இரண்டு தடவை படித்தார். "நீங்க பேஷண்டோட சம்சாரமா?" என்று ஹிந்தியில் கேட்டார். "இல்லை, கம்பெனி சேஃப்டி" என்றேன். "ஓ, சேஃப்டி" என்றார். அந்த "ஓ"வை நான் இன்னும் மறக்கவில்லை. அதற்காகவாவது லேபிளை எப்போதும் போனில் வைத்திருங்கள்.

சாயங்காலத்துக்குள் தங்கராசு எழுந்து உட்கார்ந்து ஆஸ்பத்திரி டீயைக் குறை சொல்ல ஆரம்பித்துவிட்டான். காலையில் அனுப்பிவிடுவதாக டாக்டர் சொன்னார். ஆனால் பதினேழு பேர் வெளியே இருக்கிறார்கள். பதினேழு வீட்டில் பதினேழு பாட்டில். விடிந்தால் குளியல்.

அங்கிருந்தே அவர்கள் வாட்ஸப் குரூப்பில் வாய்ஸ் மெசேஜ் போட்டேன், நாலு நிமிடம். ஒன்பது பேர் கும்பிடும் கை அனுப்பினார்கள். நாலு பேர் கட்டைவிரல். ஒருவன் எரியும் விளக்கோடு தீபாவளி வாழ்த்து. ஒரே ஒருவன் "ஓகே மேடம்" என்று எழுதினான். அவன் யார் என்று பார்த்தால், தவறுதலாகக் குரூப்பில் சேர்ந்துவிட்ட கேஸ் சிலிண்டர்க்காரர்.

நேரில் போனேன். லேபர் கேம்ப் சந்து முனையில் ஆறேழு பேர் சீரியல் லைட் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

"தங்கராசைப் பாத்தீங்கல்ல? இன்னும் பாட்டில் வச்சிருக்கீங்களாலே?"

"அவன் குடிச்சது டூப்ளிகேட் சரக்குக்கா," என்றான் ஏணிமேல் நின்றவன்.

"பீர்ல என்னலே டூப்ளிகேட்?"

"மாஹிம்ல எவன்கிட்டயோ வாங்கிருக்கான். நாங்க அப்படியா வாங்குவோம்? ஏ, அந்த பாட்டிலை எடுத்தாடே, அக்கா பாக்கட்டும்."

பாட்டில் வந்தது. சீலைத் திருப்பித் திருப்பிக் காட்டினார்கள். நான் என்னவோ கலால் இன்ஸ்பெக்டர் மாதிரி.

"மருந்து உன் உடம்புலலே இருக்கு. பாட்டில்ல இல்ல."

"வந்த ஒடனே ரெண்டு வாட்டி சோப்புப் போட்டுக் குளிச்சாச்சுக்கா. சாயம்கூட போயிருச்சு. பாருங்க."

கவனியுங்கள். கண்ணெதிரே ஒருவன் விழுந்திருக்கிறான். அதிலிருந்து அவர்கள் கற்றுக்கொண்டது, நல்ல சரக்காக வாங்க வேண்டும் என்பது. இவர்களை முட்டாள்கள் என்று நினைக்காதீர்கள். காரணம் சொல்ல வேண்டியவள் நாலு நாள் சொல்லவில்லை, அதனால் அவர்களே ஒரு காரணம் கண்டுபிடித்துக்கொண்டார்கள். நீங்களும் அதைத்தான் செய்வீர்கள்.

பெண்களிடம் போனேன். அது இன்னும் மோசம்.

"வருசத்துல ஒரு நாள் வீட்டோட இருந்து குடிக்காரு. அதையும் கெடுக்கணுமா?" என்றாள் ஒருத்தி. இன்னொருத்தி மாவாட்டுவதை நிறுத்திவிட்டுக் கேட்டாள்: "மத்த நாள் குடிச்சிட்டு வந்து அடிச்சப்பல்லாம் எங்கக்கா போயிருந்தீங்க?"

ஏழு மணி ஆகிவிட்டது. எனக்கு அப்போதுதான் அந்த யோசனை வந்தது. யோசனை என்று சொல்வது மரியாதை, திருட்டுத்தனம் என்று சொன்னால் சரியாக இருக்கும்.

எங்கள் ஆட்களுக்கு உடம்பு பயம் கிடையாது, சாமி பயம் உண்டு. தீபாவளி கழிந்த கையோடு கந்த சஷ்டி விரதம் வரும். கையில் காப்புக் கயிறு கட்டிக்கொண்டால் சூரசம்ஹாரம் முடியும்வரை குடி கிடையாது. இன்னொன்றும் உண்டு. உங்கள் பெயரில் வேறொருவர் நேர்ந்துகொண்டாலும் அது உங்களைக் கட்டும். அம்மா நேர்ந்தால் மகன் மொட்டை போடுகிறான். அவனை யார் கேட்டார்கள்?

சந்துக்குள் ஒரு சின்ன முருகன் கோயில். பூசாரி கணபதி அண்ணன் வாரநாளில் ஒரு ஆபீஸில் பியூன். நான் போனபோது திருநீற்றுத் தட்டைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, கயிறு கட்டணும். பதினேழு பேருக்கு. நாளைக் காலையில."

"சஷ்டிக்கு இன்னும் நாள் இருக்கே."

"நாளைக்குத்தான் கட்டணும்."

"தீபாவளி அன்னைக்கா? ஒனக்கென்ன பைத்தியமா? வீட்டுக்கு வீடு கறி கொதிச்சிக்கிட்டு இருக்கும். எவன் கைய நீட்டுவான்?"

விஷயத்தைச் சொன்னேன். தட்டைக் கீழே வைத்தார்.

"சாமி முன்னாடி நான் பொய் சொல்லமாட்டேன்."

"நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம். நான் நேர்ந்துக்கிடுதேன். தங்கராசு நல்லபடியா வீடு வந்து சேரணும், அதுக்குப் பதினேழு பேரும் சஷ்டி முடியற வரைக்கும் விரதம் இருப்பாங்க. இதுல என்ன பொய்?"

"தங்கராசு எப்படி இருக்கான்?"

"காலையில வீட்டுக்கு அனுப்பிருவாங்க."

என்னை ஒரு பார்வை பார்த்தார். "அது முருகனுக்கும் தெரியுமே."

"முருகனுக்குத் தெரிஞ்சா பரவாயில்ல. பதினேழு பேருக்குத் தெரியக் கூடாது."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மறைக்கத் திரும்பிக்கொண்டார். "நேர்ந்தவ கையிலதான் மொதல்ல கட்டுவேன்," என்றார்.

விடியற்காலையில் முருகேசன் வீடு வீடாகப் போய்ச் செய்தியைச் சொன்னான். கத்துவதில் அவனை மிஞ்ச ஆள் கிடையாது. ஆறு மணிக்கெல்லாம் எண்ணெய்த் தலையும் புதுச் சட்டையுமாகக் கோயில் வாசலில் நின்றார்கள். எல்லோர் முகத்திலும் கொலைவெறி.

"யாரைக் கேட்டு எங்க பேர்ல நேர்ந்தீங்க?"

"உன் அம்மா உன்னைக் கேட்டா மொட்டை போட்டா?"

"அவ என் அம்மா!"

"நான் உன் சேஃப்டி. கைய நீட்டுலே."

முணுமுணுத்துக்கொண்டே நீட்டினார்கள். அவர்கள் கணக்கில் தங்கராசு சாகக் கிடக்கிறான், அவனுக்காக நேர்ந்ததை மீறி ஏதாவது ஆகிவிட்டால் யார் பழி சுமப்பது? எட்டாவதாக நின்றவன் கயிறு கட்டி முடிந்ததும் மெதுவாகக் கேட்டான்: "அண்ணே, குடிதான கூடாது? கறி திங்கலாம்ல?"

"கயிறு கட்டியாச்சுன்னா கவிச்சி கிடையாது," என்றார் கணபதி அண்ணன்.

வரிசையே அதிர்ந்தது. இதை நான் எதிர்பார்க்கவில்லை. கறிக்கும் மருந்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அப்போது வாய் திறந்து சொல்லியிருக்கலாம். சொன்னால், ஏன் சம்பந்தமில்லை, எதற்குச் சம்பந்தம் என்று கேள்வி வரும், கயிறு அவிழ்ந்துவிடும். வாயை மூடிக்கொண்டேன். என் கையிலும் கயிறு இருந்தது. எனக்கும் கறி போச்சு.

அன்று காலை லேபர் கேம்ப்பில் பதினாறு வீட்டுப் பெண்கள் என்னைத் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது, இதைப் பெண் பிள்ளைகளும் படிப்பார்கள். வெந்த கறியை என்ன செய்வது? பக்கத்துச் சந்தில் பை தைக்கும் பீகார்க்காரர்கள் குடியிருந்தார்கள். சட்டி சட்டியாக அங்கே போனது. எட்டாவது சட்டியை வாங்கும்போது அவர்களில் ஒரு பெரியவர் என்னிடம் வந்தார். "தீதி, யே ஹர் சால் ஹோதா ஹை க்யா?" என்றார் பயபக்தியோடு. வருடா வருடம் இது உண்டா என்று கேட்கிறார். இனிமேல் இருக்காது என்றேன்.

பதினாறு என்றேன், கவனித்தீர்களா? பதினேழாவது கயிறு என் கையில் மிஞ்சியிருந்தது. சுடலைமுத்து வரவில்லை.

மற்ற யார் வராவிட்டாலும் எனக்கு அவ்வளவு பதற்றம் வந்திருக்காது. மருந்து வைப்பதில் அவன்தான் வேகம். நாள் ஒன்றுக்கு மற்றவர்களைவிட இரண்டு வரிசை கூடச் செய்வான். அப்படியென்றால் மருந்தும் அவன் உடம்பில்தான் கூட. தங்கராசு சோம்பேறி, அவனே அரை கிளாஸில் சாய்ந்தான்.

"அவன் ராத்திரியே மச்சான் வீட்டுக்குப் போயிட்டான்க்கா, காட்கோபருக்கு," என்றான் முருகேசன். சுடலையின் போன் அணைந்திருந்தது. அவன் சம்சாரம் பேச்சியம்மாளைப் பிடித்தேன்.

"பேச்சி, அவன் குடிச்சானா?"

பின்னால் சரவெடி. "ஆமக்கா, குளிச்சாச்சு! ஹேப்பி தீபாவளி!" என்று வைத்துவிட்டாள்.

மாட்டுங்காவிலிருந்து காட்கோபருக்கு நாலே ஸ்டேஷன். அந்த நாலு ஸ்டேஷனில் நான் என்னென்ன நினைத்தேன் என்று சொன்னால் உங்களுக்கு வேலையே வேண்டாமென்றாகிவிடும். வண்டியில் கூட்டமே இல்லை. உட்காரவும் முடியவில்லை.

மச்சான் வீடு வரிசை வரிசையாக ஒற்றை அறை வீடுகள் இருக்கும் ஒரு சாலில் இரண்டாவது மாடி. கதவு திறந்திருந்தது. தரையில் பாய், பாயில் மச்சான், எதிரே சுடலைமுத்து. அவன் கையில் கிளாஸ், விளிம்பு வரைக்கும். ஐஸ் இன்னும் உருகவில்லை. நான் நிலையைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினேன்.

"வாங்க, வாங்க!" என்றார் மச்சான். அவர் ஏற்கெனவே ஒரு ரவுண்டு முடித்திருந்தார். "ஏட்டி பேச்சி, இன்னொரு கிளாஸ் எடு!"

"சுடலை, அதைக் கீழ வை."

"முருகேசன் மச்சானுக்குப் போன் பண்ணிச் சொன்னான்க்கா," என்றான் சுடலை சிரித்துக்கொண்டே. "கயிறு கொண்டாந்தீங்களா?"

"கொண்டாந்தேன்."

"எங்க வீட்டுல என்னைக்காவது சாமி படம் பாத்திருக்கீங்களா? நான் கறுப்புச் சட்டைக்காரன். பேருதான் சுடலை, அது எங்கப்பன் வச்சது. கட்டுங்க, வேண்டாங்கல. கட்டிக்கிட்டே இதைக் குடிப்பேன்."

கையை நீட்டினான். கயிற்றோடு அந்தக் கையைப் பிடித்தேன். பிடித்த பிறகுதான் பார்த்தேன். விரல் நுனியெல்லாம் தோலுரிந்து, வெடிப்புக்குள் சிவப்புச் சாயம் ஏறியிருந்தது.

"கிளவுஸ் போடலையா நீ?"

"போட்டேன்."

"போட்டா எப்படி இது?"

"நீங்க குடுத்தது தடி கிளவுஸ். அதைப் போட்டா எது மொட்டு எது கணுன்னு விரலுக்குத் தெரியாது. நுனியை வெட்டிட்டுத்தான் போட்டோம்."

"போட்டோம்னா?"

"பதினெட்டுப் பேரும். மொத நாளே."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீங்க கேக்கலையேக்கா. வரிசையோரமா நடந்து போவீங்க, எல்லார் கையிலயும் கிளவுஸ் மஞ்சளா தெரியுதான்னு பாப்பீங்க, டிக் போடுவீங்க. தூரத்துல இருந்து பாத்தா முழுசாத்தான் தெரியும்."

நாலு நாள், ஒவ்வொரு நாளும் பதினெட்டு டிக் போட்டிருந்தேன். ஒரு கையையாவது பிடித்துப் பார்த்திருக்கிறேனா? நீங்கள் பாருங்கள். தூரத்திலிருந்து பார்ப்பதற்குத் தோட்டத்துக்குக் காவல்காரர் இருக்கிறார்.

"அது கிடக்கட்டும்," என்றான் சுடலை. சிரிப்பு போயிருந்தது. "சாமியை விடுங்க. நேராச் சொல்லுங்க. இதைக் குடிச்சா நான் செத்துருவனா?"

பேச்சியம்மாள் அடுப்பிலிருந்து திரும்பிப் பார்த்தாள். ஆமாம், செத்துப்போவாய் என்று சொல்ல எனக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்தது. சொன்னால் வேலை முடிந்தது. ஆனால் இவன் கயிற்றைப் பார்த்துச் சிரித்தவன். நான் சொல்வதில் ஒரு நூல் பொய் இருந்தாலும் கண்டுபிடித்துவிட்டு, அப்படியே கிளாஸைத் தூக்குவான்.

"தெரியாது," என்றேன்.

"என்னது?"

"தெரியாதுலே. தங்கராசு அரை கிளாஸ்ல செவந்தான், இன்னைக்கு வீட்டுக்கு வந்துட்டான். சாகல. கயிறு கட்டுறதுக்காக அதை நான் யாருட்டயும் சொல்லல. உனக்கு அவனைவிட ஜாஸ்தி மருந்து ஏறிருக்கு. நீயும் செவந்துட்டு எந்திரிக்கலாம். மூச்சு முட்டி விழலாம். விழுந்தா எந்திரிக்காமலும் போகலாம். ஒண்ணுமே ஆகாமலும் இருக்கலாம். எனக்குத் தெரியாது. ஏழு நாள் கழிச்சுக் குடிச்சா பயமில்லன்னு டாக்டர் சொல்லிருக்காரு. அது மட்டும் தெரியும்."

"நல்ல சேஃப்டி!" என்றார் மச்சான். "தெரியாதுங்கறதைச் சொல்ல மாட்டுங்காலேர்ந்து வந்திருக்காங்க."

சுடலை அவரைப் பார்க்கவில்லை. "இதை மொத நாளே சொல்லிருக்கலாம்ல?"

"சொல்லிருக்கலாம். கடைசி நாள் சொல்லலாம்னு வச்சிருந்து விட்டுட்டேன்."

"கடைசி நாள் என்ன பண்ணிக்கிட்டு இருந்தீங்க?"

"டப்பா எண்ணிக்கிட்டு இருந்தேன்."

கிளாஸ் இன்னும் அவன் கையில்தான் இருந்தது. "தங்கராசு கேஸை எழுதியாச்சா?" என்றான்.

எழுதியிருந்தேன். ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து போனிலேயே டைப் பண்ணி வைத்திருந்தேன். இன்னும் அனுப்பவில்லை, அவ்வளவுதான்.

"என்னன்னு எழுதினீங்க?"

"எச்சரிக்கையை மீறித் தொழிலாளி மது அருந்தினார்னு."

"அப்படி எழுதினா அடுத்த வருசம் அவனை எவனும் கூப்பிடமாட்டான். நீங்க எச்சரிக்கவே இல்லையே."

போனை எடுத்தேன். அந்த வரியை அவன் கண்ணெதிரே அழித்தேன். ஏழு நாள் கணக்கை நான் சொல்லவில்லை, நான் வாங்கிய கிளவுஸ் அந்த வேலைக்கு ஆகாது, பதினெட்டுப் பேரும் வெட்டித்தான் போட்டார்கள், நான் பார்க்கவில்லை என்று எழுதினேன். மேனேஜருக்கு அனுப்பினேன். இரண்டு நிமிடத்தில் போன் வந்தது. தீபாவளி அன்று அந்த மனிதர் என்னதான் செய்துகொண்டிருந்தாரோ. "பாகல் ஹோ கயீ ஹோ க்யா?" என்று கத்தினார், பைத்தியமா உனக்கு என்று. இரண்டு நாளில் என்னை இரண்டு பேர் அதே கேள்வி கேட்டாயிற்று. போனை ஜன்னல் பக்கம் நீட்டினேன். வெளியே பத்தாயிரம் வாலா ஓடிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு வைத்துவிட்டார்.

சுடலைமுத்து கிளாஸை மச்சான் பக்கம் தள்ளினான். "நீங்க குடிங்க மச்சான். நீங்க என்ன திராட்சைக்கா போனீங்க?" பிறகு உள்ளே பார்த்து, "பேச்சி, கறி எடுத்து வை," என்றான்.

நான் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தேன். அவன் முதல் இட்லியைப் பிட்டுக் குழம்பில் தோய்த்துவிட்டு நிறுத்தினான்.

"யக்கா, கறிக்கு ஒண்ணுமில்லையே?"

"இல்ல. நீ தின்னு."

"அப்போ அங்கன பதினாறு பேரு?"

நான் ஜன்னலைப் பார்த்தேன்.

"யக்கா!" என்றான். சிரித்த சிரிப்பில் புரையேறிவிட்டது. புரைதான் என்று தெரிவதற்குள் என் உயிர் பாதி போய்விட்டது. "உங்க கையிலயும் கயிறு இருக்கே! பேச்சி, அக்காவுக்குக் கறி வச்சிராத. மோர் குடு, மோர்!"

மோர் குடித்தேன். கறியின் வாசனையோடு.

கயிறு கட்டியதற்காக நான் இன்றைக்கும் வெட்கப்படவில்லை. அன்று காலை வேறு வழி இருந்திருந்தால் நீங்கள் சொல்லுங்கள். ஆனால் அது எவ்வளவு நாள் தாங்கியது என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். தீபாவளிக்கு மூன்றாம் நாள், அதுவரை வீட்டுக்குள்ளேயே படுத்திருந்த தங்கராசு சந்தில் சைக்கிள் ஓட்டிக்கொண்டு போனதைப் பார்த்திருக்கிறார்கள். அவன்தான் நல்லாயிட்டானே, இனி எதற்கு விரதம் என்று பேச்சு கிளம்பியது. நாலு பேர் கணபதி அண்ணனிடம் போய், கயிற்றை அவிழ்க்கப் பரிகாரம் உண்டா என்று கேட்டார்கள். அவர் பொய் சொல்லாதவர். உண்டு, ஒரு தேங்காய் உடைக்கலாம் என்றார். நாலு தேங்காய் உடைந்தது. அன்று சாயங்காலம் அதில் இரண்டு பேர் சிவந்தார்கள். ஒருவன் பொதுக் கக்கூஸ் வாசலில் விழுந்து நெற்றியில் மூன்று தையல். சாமியோடு பேரம் பேச எங்கள் ஆட்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

மருந்தோடு பேரம் பேச முடியாது என்பதை அன்றுதான் கோயில் வாசலில் எல்லோரையும் உட்காரவைத்துச் சொன்னேன், கறி விஷயத்தையும் சேர்த்து. அதற்குக் கிடைத்த வசவு தனி. அடுத்த வருடம் கிளவுஸ் வாங்குவதற்கு முன் ஆறு மாதிரி கொண்டுபோய், மொட்டைத் தடவிப் பார்க்கச் சொன்னேன். அவர்கள் ஐந்தைத் தூக்கி எறிந்தார்கள். மேனேஜர் அதன் பிறகு எனக்கு ஒரு தீபாவளி வாழ்த்துகூட அனுப்பியதில்லை. அதுவும் நல்லதுக்குத்தான்.

வேலை முடிந்த நாளிலிருந்து எட்டாம் நாள் காலை பத்து மணிக்குச் சுடலைமுத்து போன் செய்தான்.

"யக்கா, ஏழு நாள் ஆயிருச்சு. ஒரு சந்தேகம். கணக்கு நேத்தோட முடிஞ்சுதா, இல்ல இன்னைக்குப் பகலும் சேத்தியா?"

இத்தனை வருட சர்வீஸில் என்னிடம் யாரும் அப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை. விரல் விட்டு எண்ணினேன். ஒரு தடவை எண்ணியது போதாமல் மறுபடியும் எண்ணினேன்.

"சாயங்காலம் வரைக்கும் பொறு," என்றேன்.

"சரிக்கா," என்றான்.

பொறுத்தான்.